முப்பத்தேழாம் நம்பர் கவர்

டெல்லியில் பாசிக்கு ஆயுசு இரண்டரை மாதம். ஜூலையில் மழை வந்தால் சுவரில் ஏறும். செப்டம்பர் கடைசியில் காய்ந்து, கறுத்து, சுருண்டுவிடும். ஆராய்ச்சிக்குப் பாசியைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதைச் செய்ய டெல்லிக்கு வந்தவள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். 'மூணாறு பக்கம் போயிருக்கலாமே' என்று கேட்காத ஆள் கிடையாது. கேட்டவர்கள் எல்லார் மீதும் எரிந்து விழுந்திருக்கிறேன். திருச்சியில் என் அம்மா உட்பட.

பாசி எனக்கு வீடு மட்டும்தான். அதற்குள் குடியிருப்பவர்களைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்த அமீபா நினைவிருக்கும். அதன் சொந்தக்காரர்களில் சிலர் வெற்றுடம்போடு திரியாமல் தங்களைச் சுற்றி ஓர் ஓடு கட்டிக்கொள்வார்கள். சிலது மணல்துகள்களைப் பொறுக்கி ஒட்டும். சிலது தானே மெல்லிய தகடுகளைச் செய்து வரிசையாக அடுக்கும். ஒரே ஒரு செல், கண்ணில்லை, கையில்லை, ஆனாலும் அப்படி ஓர் அடுக்கு. உள்ளே இருப்பது செத்துப்போன பிறகும் ஓடு கிடக்கும். அதை வைத்து இன்ன வகை என்று சொல்லிவிடலாம்.

யாரையும் ஒட்டிப் பிழைக்காமல் ஈரத்தில் தனியாக வாழும் இந்த நுண்ணுயிர்களுக்குச் சொந்த ஊர் என்று ஒன்று உண்டா? இதுதான் என் கேள்வி. யானைக்கு உண்டு, கங்காருவுக்கு உண்டு. இவை இவ்வளவு சின்னவை, காற்றோடும் பறவைக் காலோடும் உலகம் முழுக்கப் போயிருக்கும், ஈரமும் சூடும் ஒத்துவந்த இடத்தில் தலைகாட்டும் என்கிறது ஒரு கட்சி. அப்படியெல்லாம் இல்லை, சிலவற்றுக்கு எல்லை உண்டு, பெரிய ஓடு உள்ளவை எல்லாக் கடலையும் தாண்டிவிடுவதில்லை என்கிறது மறு கட்சி. இந்தச் சண்டை என் தாத்தா காலத்திலிருந்து நடக்கிறது. தீராததற்குக் காரணம் எளிமையானது. ஓர் ஊரில் ஒன்றைக் காணவில்லை என்றால், அது அங்கே இல்லை என்று அர்த்தமா, நாம் சரியாகத் தேடவில்லை என்று அர்த்தமா? அதை யாராலும் முடிவாகச் சொல்ல முடியவில்லை.

அப்போது நான் டெல்லி நகரத்துக்குள்ளேயே இருக்கும் முனிர்கா கிராமத்தில் மூன்றாவது மாடியில் ஓர் அறையில் இருந்தேன். பகலிலும் ட்யூப்லைட் போட வேண்டிய அறை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் சர்க்கார் கட்டிய டி.டி.ஏ. ஃப்ளாட்கள். அங்கே ஒரு வீட்டு ஏர்கூலரிலிருந்து ஒழுகிய தண்ணீரில் பின்சுவர் முழுக்கப் பச்சை. ஓர் ஆகஸ்ட் காலையில் ஸ்பூனும் கையுமாக அதைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"ஏ லட்கி, க்யா கர் ரஹி ஹோ?" என்று பின்னாலிருந்து இந்தியில் ஓர் அதட்டல், ஏ பெண்ணே, என்ன பண்ணுகிறாய் என்று.

"வந்துட்டாரு சுவத்துக்குச் சொந்தக்காரரு" என்று தமிழில் முணுமுணுத்தேன்.

"சுவரு சர்க்காரு கட்டினது. கூலருதான் என்னோடது" என்று திருநெல்வேலித் தமிழில் பதில் வந்தது. "அது கெடக்கட்டும், நீ என்னத்தம்மா சொரண்டுத?"

அப்படித்தான் அங்கிள் எனக்கு அறிமுகமானார். டெல்லியில் அப்பா வயதுக்கு மேற்பட்ட தமிழர் எல்லாரும் அங்கிள்தான். இவருக்கு எழுபத்திரண்டு வயது. இருபதில் கிளார்க்காக ரயிலேறி வந்து, ஒரு மத்திய அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். ஒரே மகள் நியூசிலாந்தில். வீட்டில் அவரும் ஆன்ட்டியும் மட்டும். என் கேள்வியை அவருக்கு விளக்கினேன். இரண்டு கட்சிகளின் வாதத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அச்சா. அப்பம் ஃபைல் இன்னும் குளோஸ் ஆகல" என்றார்.

அடுத்த வாரமே, தானும் சேகரித்துத் தருகிறேன் என்றார். பொழுதுபோகாத பெரியவர், இரண்டு நாளில் அலுத்துவிடும் என்று நினைத்துச் சம்மதித்தேன். அலுக்கவில்லை. மழைக்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை காலையில் சீனியர் சிட்டிசன் பாஸோடு பஸ் ஏறிவிடுவார். பழைய கல்லறைக் கட்டடங்கள், பூங்காச் சுவர்கள், தண்ணீர்த் தொட்டி அடிகள் என்று டெல்லியில் ஈரம் தங்கும் மூலைகளையெல்லாம் தேடிப் போனார். ஒவ்வொரு பிடிப் பாசியும் ஒரு பழுப்புக் கவரில். கவரின் மேல் நம்பர், இடம், நேரம், சுவர் எந்தத் திசை பார்த்தது, நிழலா வெயிலா, கீழே அவருடைய கையெழுத்து. ஒரு ஸ்பூனையே துடைத்துத் துடைத்துப் பயன்படுத்தினால் ஒன்றின் துகள் இன்னொன்றில் கலந்துவிடும் என்று நான் சொல்லியிருந்தேன். அதற்காக ஐஸ்கிரீம் கடையில் தரும் தட்டையான மரக்குச்சிகளை ஒரு கட்டு வாங்கி வைத்துக்கொண்டு, கவருக்கு ஒரு குச்சி என்று வேலை செய்தார். சுரண்டிய குச்சியையும் அதே கவருக்குள் போட்டு ஒட்டினார். எங்கள் லேபில் அந்தச் சுத்தம் கிடையாது. குறிப்பாக என்னிடம் கிடையாது.

அந்தக் குளிரில் அவரும் ஆன்ட்டியும் மகளைப் பார்க்க நியூசிலாந்து போனார்கள். போவதற்கு முன், "அங்கன இல்லாத பாசியா? ரெண்டு கவரு கொண்டாரட்டா?" என்று கேட்டார். கூடவே கூடாது என்றேன். மண்ணும் செடியும் கொண்டுபோவதற்கும் கொண்டுவருவதற்கும் அனுமதி வேண்டும், எங்களுக்கு வேண்டிய வெளிநாட்டுப் பாசி உரிய காகிதங்களோடு ஸ்பிரிட்டில் ஊறிச் சின்னக் குப்பிகளில் லேபுக்கே வந்துவிடுகிறது என்று சொன்னேன். அவர் சட்டம் என்று ஒன்று இருந்தால் அதற்கு மேல் பேசமாட்டார். திரும்பி வந்ததும் ஒரு கதை சொன்னார். அங்கே விமான நிலையத்தில் செருப்பு ஷூவின் அடியையெல்லாம் பார்ப்பார்களாம். இவர் கிளம்பும்போதே பழைய டூத்பிரஷ்ஷால் ஷூவின் அடியைத் தேய்த்துக் கழுவியிருந்ததைப் பார்த்துவிட்டு அதிகாரிப் பெண் பாராட்டினாளாம். திரும்பும்போதும் அதே போலத் தேய்த்துவிட்டுத்தான் வந்தாராம். இந்தக் கதையை என்னிடம் நான்கு தடவை சொன்னார். ஒரு தடவைகூட ஒரு விவரம் மாறவில்லை.

அடுத்த மழைக்காலத்தில்தான் முப்பத்தேழாம் நம்பர் கவர் வந்தது. ஆர்.கே.புரம் பக்கம் ஒரு பூங்காவுக்குள் பெயர் தெரியாத ஒரு கல்லறை. வடக்குச் சுவர், நிழல், காலை எட்டு ஐந்து.

பாசியைத் தண்ணீரில் ஊறவைத்து, நன்றாகக் குலுக்கி, சல்லடையில் வடிகட்டி, தங்குவதை ஸ்லைடில் வைத்துப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. எண்ணிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். கழுத்து இடுங்கிய குடுவை போல ஓர் ஓடு. அதே ஸ்லைடில் இன்னும் இரண்டு. மூன்றுமே காலி ஓடுகள். ஆனால் பூமியின் தென்பாதி நாடுகளில் பார்த்துப் பதிவு செய்த வகை அது. டெல்லியில் யாரும் அதைப் பார்த்ததாக நான் படித்ததில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் லேபில் இரண்டு நைலான் சல்லடைகள் இருந்தன. உள்ளூர்ப் பாசிக்கு நீல நூல் கட்டியது. வெளிநாட்டுக் குப்பிகளுக்குச் சிவப்பு நூல். ஒன்றை இன்னொன்றுக்குத் தொடக்கூடாது என்பது சேர்ந்த முதல் நாளே சொல்லித்தரப்படும் விதி. நீலச் சல்லடை கிழிந்துபோய், புதியது கேட்டு எழுதிய காகிதம் அலுவலகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அன்று காலை ஒரு தென்பாதி நாட்டுக் குப்பியைச் சிவப்புச் சல்லடையில் வடித்திருந்தேன். மதியம் முப்பத்தேழாம் கவரை எடுத்தபோது அதே சல்லடையைக் குழாயடியில் மூன்று முறை அலசிவிட்டு வைத்துக்கொண்டேன். எந்தச் சல்லடை என்று நோட்டில் எழுதவில்லை.

அந்தக் குடுவையைப் பார்த்த முதல் நிமிடத்திலேயே எனக்குச் சிவப்பு நூல் ஞாபகம் வந்தது. இரண்டாம் நிமிடத்தில் அதை நினைக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். மூன்றாம் நிமிடத்தில் பேராசிரியரைக் கூப்பிட ஓடிக்கொண்டிருந்தேன். பின்னால் நடந்த எதைச் சொன்னாலும் இந்த மூன்று நிமிடங்களைச் சொல்லாமல் விட்டுவிடுவதுதான் என் வழக்கம்.

மேடம் வங்காளப் பெண்மணி, அவ்வளவு லேசில் மகிழ்ந்துவிடாதவர். அன்று என் தோளைத் தட்டினார். ஒரு வெளிநாட்டு மாநாட்டுக்கு இதைப் பற்றிக் கட்டுரைச் சுருக்கம் எழுதி அனுப்பினோம். எனக்கு உதவித்தொகை முடியும் வருஷம் அது. அங்கிளுக்கு வாட்ஸாப்பில் குடுவையின் படத்தை அனுப்பினேன். அவர் அதைக் குடியிருப்புக் குழுவில் போட்டு, 'நம் ஏரியாவில் கண்டெடுக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் எழுதினார். ஆன்ட்டி கேசரி செய்து என்னைக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

நவம்பரில் மேடமும் நானும் அந்தக் கல்லறைக்குப் போனோம். பாசி காய்ந்திருந்தாலும் ஓடுகள் அதற்குள் இருக்கும். வடக்குச் சுவரில் இருபது இடங்களில் எடுத்து வந்து, இம்முறை புதுச் சல்லடையில் வடித்துப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மூன்று ஓடு, மூன்றும் காலி, மறுபடி கிடைக்கவில்லை. லேபில் கலந்திருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டார்.

இல்லை மேடம் என்றேன். யோசிக்கவே இல்லை.

அப்படியானால் எப்படி என்றார்.

என் வாய் தானாகப் பேசியது என்று சொல்ல ஆசைதான். அப்படி இல்லை, தெளிவாக யோசித்துத்தான் பேசினேன். கவரைத் தந்தவர் அந்த வருஷம்தான் நியூசிலாந்து போய்வந்தவர், ஆசையாக அங்கிருந்து கொஞ்சம் பாசி கொண்டுவந்து வைத்திருக்கலாம், இல்லையென்றால் ஷூவில் ஒட்டி வந்திருக்கலாம், கவர் மாறியிருக்கலாம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'வயசானவர் மேடம், மறதி அதிகம்' என்றும் சேர்த்தேன். நான் நேர்முகத் தேர்வுக்குப் போன தேதியை எனக்கே ஞாபகப்படுத்திய மனிதரைப் பற்றி இதைச் சொன்னேன். மேடத்தின் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். லேபின் மேல் பழி இல்லை என்றதும் அவருக்கும் மூச்சு வந்தது.

எனக்குத் தெரியாமல் மேடம் அவருக்கு ஒரு மெயில் அனுப்பியிருக்கிறார். மிகவும் மரியாதையாக, உதவிக்கு நன்றி சொல்லி, இப்படி நடந்திருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டு. பத்து நாள் கழித்துத் தபாலில் ஒரு கவர் வந்தது. பழுப்புக் கவர். மேடம் அதை என்னிடம் நீட்டி, என்ன ஒரு கண்ணியமான மனிதர் என்றார்.

தாழ்வாரத்தில் நின்று படித்தேன். டைப் செய்த ஒரு பக்கம். வேலையில் இருந்த காலத்தில் மேலதிகாரி விளக்கம் கேட்டால் எப்படி எழுதுவார்களோ அதே முறையில், பொருள், பார்வை எல்லாம் போட்டு எழுதியிருந்தார். பயணப் பெட்டிகளையும் உடுப்புகளையும் மனைவியின் உதவியோடு சோதித்ததாகவும், எதுவும் அகப்படவில்லை என்றும் முதல் பத்தி. இரண்டாம் பத்தியில், 'பாசி எதையும் கொண்டுவந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் நினைவில்லை என்பது, நடக்கவில்லை என்பதற்குச் சான்று ஆகாது' என்று எழுதியிருந்தார். மூன்றாம் பத்தி இரண்டே வரி. கவர் தன் பொறுப்பில் இருந்ததால் தவறும் தன்னுடையதே என்றும், இளம் ஆராய்ச்சியாளரின் எதிர்காலம் இதனால் பாதிக்கப்படக் கூடாது என்றும்.

அந்த இரண்டாம் பத்தி நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது. காணவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை என்று கூலரடியில் நின்று அவருக்குப் பெருமையாக விளக்கியிருக்கிறேன். அதையே எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

எனக்கு அப்போதே வெட்கம் வந்தது என்று எழுதினால் பொய். முதலில் வந்தது நிம்மதி. சுருக்கத்தைக் கௌரவமாகத் திரும்பப் பெற்றோம். ஃபைலில் அவருடைய கடிதம் சேர்ந்தது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. வெட்கம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. டி.டி.ஏ. ஃப்ளாட் பக்கத்து பஸ் ஸ்டாப்பை விட்டுவிட்டு, அரை கிலோமீட்டர் நடந்து அடுத்த ஸ்டாப்பில் ஏற ஆரம்பித்தேன். காய்கறி வாங்கும் இடத்தை மாற்றினேன். அவர் அனுப்பும் காலை வணக்கப் படங்களுக்குப் பதில் போடுவதை நிறுத்தினேன். பிறகு அவரும் அனுப்புவதை நிறுத்திவிட்டார்.

பிப்ரவரியில் ஆன்ட்டி ஃபோன் செய்தார்.

"ஏம்மா, இந்தப் பக்கமே வரக்காணோம். அவுக ஒரு மாதிரியா இருக்காக. ஒரு நாளு வந்து பேசிட்டுப் போயேன். நீ பேசுனா கேப்பாக."

போனேன். வாசலிலேயே ஆன்ட்டி குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னார். அங்கிளின் அண்ணனும் டெல்லியில்தான் வேலை பார்த்தாராம். கடைசி நாலு வருஷம் அவருக்கு ஒன்றுமே நினைவில் நிற்காமல் போய், கட்டின மனைவியையே யார் என்று கேட்டவராம். லக்ஷ்மிபாய் நகர் க்வார்ட்டர்ஸில் வைத்துக் குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்துக்கொண்டவர் அங்கிள். அன்று முதல் அவருக்கு இந்த ஒரு பயம்தானாம்.

"ஒங்க மேடம் லெட்டரு வந்ததுல இருந்து, எனக்கும் ஆரம்பிச்சுட்டுன்னு சொல்லுதாக. பஸ் பாஸ எங்கிட்ட குடுத்துட்டாக. தனியா வெளிய போறதே இல்ல. டாக்டரு டெஸ்டெல்லாம் பண்ணிட்டு, வயசுக்கு நல்லாத்தான் இருக்குன்னுதான் சொன்னாரு. நம்பமாட்டேங்காக. அண்ணனுக்கும் மொதல்ல இப்படித்தான் சொன்னாங்கன்னு சொல்லுதாக."

அங்கிள் சோபாவில் இருந்தார். மெலிந்திருந்தார். மடியில் ஒரு நோட்டு. கேஸ் அணைத்தது ஆறு பத்து, மாத்திரை போட்டது எட்டு, கதவு பூட்டியது எட்டு இருபது என்று செய்ததையெல்லாம் அந்தந்த நேரத்தோடு எழுதி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "நீ கடைசியா வந்தது அக்டோபர் மாசம். கேசரி அன்னைக்கு. சரிதான?" என்று கேட்டார். பரீட்சை எழுதிவிட்டு விடையைச் சரிபார்க்கும் குரல் அது.

"சரிதான் அங்கிள்."

அவருக்கு முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஆன்ட்டி தோசை வார்த்துக்கொண்டு வந்தார். மூன்று தோசை தின்றேன். அந்த வீட்டில் உட்கார்ந்து மூன்று தோசை தின்றவள் நான் என்பதை இன்றும் என்னால் செரிக்க முடியவில்லை.

கிளம்பும்போது அவர் பால்கனிக்குப் போய் ஒரு பாலிதீன் பையைக் கொண்டுவந்தார். உள்ளே அந்த ஷூ. மேலே சீட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"இது நான் அங்க போட்டுட்டுப் போன ஷூ. லேப்ல வச்சு இதுல அது இருக்கான்னு பாரு. இருந்துச்சுன்னா நாந்தான் கொண்டாந்திருக்கேன். இல்லன்னா..." என்று நிறுத்தினார். "இல்லன்னா எனக்கு ஒரு நிம்மதி, அவ்வளவுதாம்."

வாங்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் லேபில் அந்த ஷூவைக் கழுவினேன். தையலில், நாக்கில், அடியில் உள்ள ஒவ்வொரு பள்ளத்திலும் தண்ணீர் விட்டு, புதுச் சல்லடையில் வடித்து, நாலு நாள் பார்த்தேன். இவ்வளவு ஒழுங்காக என் சொந்த ஆராய்ச்சியில் நான் எதையும் பார்த்ததில்லை. டெல்லிப் புழுதி, கொஞ்சம் மகரந்தம், அவ்வளவுதான். பள்ளங்களின் ஓரத்தில் டூத்பிரஷ் தேய்த்த கோடுகள் இன்னும் இருந்தன.

இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். அதற்காக நடக்கவில்லை என்று ஆகிவிடுமா, கழுவினபோது போயிருக்கலாமே என்பார். அவருக்குள் அந்தப் பாடம் ஊறிப்போயிருந்தது. நான் ஆயிரம் ஸ்லைடு பார்த்தாலும் அவர் கொண்டுவரவில்லை என்று மைக்ராஸ்கோப்பால் நிரூபிக்க முடியாது. என் வாயைத் திறந்தால் மட்டும்தான் முடியும். ஐந்தாம் நாள் ஷூவை எடுத்துக்கொண்டு போனேன்.

அவர்கள் இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு நான் நின்றுகொண்டே சொன்னேன். நீல நூல், சிவப்பு நூல், குழாயடி, மேடத்தின் அறை எல்லாவற்றையும். மறதி அதிகம் என்று சொன்னதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். அழுவதுகூட எனக்கு வசதியாக இருக்கிறதே என்று அப்போதே எரிச்சலாக இருந்தது.

ஆன்ட்டி, "மூணு மாசமா எம் பக்கத்துல இந்த மனுசன் தூங்கல தெரியுமா?" என்று சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் இருந்த வரை வெளியே வரவில்லை.

அங்கிள் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஒவ்வொன்றாக விசாரித்தார். அன்னைக்கு லேபில் வேறு யார் இருந்தார்கள்? காலையில் வடித்த குப்பியின் நம்பர் என்ன? அந்தக் குப்பியில் இந்தக் குடுவை இருந்ததா? இருந்தது, நிறைய இருந்தது என்றேன். அச்சா, அச்சா என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே போய்ப் பேடும் பேனாவும் கொண்டுவந்தார்.

"எழுதிக் குடு" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"இப்பம் நீ சொன்னது எனக்கு நல்லாப் புரியுது. சந்தோசமாத்தான் இருக்கு. ஆனா நாளைக்குக் காலையில நீ வந்து சொன்னது நெசமா, நானா நெனச்சுக்கிட்டதான்னு எனக்குச் சந்தேகம் வரும். காகிதம் இருந்தா தைரியமா இருக்கும்லா. எழுதிக் குடு தாயி."

எழுதினேன். முதலில் சுருக்கமாக, தவறு என்னுடையது என்று மட்டும். அவர் கண்ணாடி போட்டுப் படித்தார். "எனக்கு மறதி அதிகம்னு நீ சொன்னேல்லா, அது பொய்னு ஒரு வரி தனியாப் போடு" என்றார். போட்டேன். தேதி போடு என்றார். போட்டேன். கையெழுத்துக்குக் கீழே விரலை வைத்து, "இங்கன, 'நகல்: பேராசிரியர்'னு எழுதிரு" என்றார்.

அவருக்கு அதில் பழிவாங்கும் எண்ணம் துளியும் கிடையாது. அவர் எழுதிய விளக்கம் மேடத்துக்குப் போயிருக்கிறது, அதை மாற்றும் காகிதமும் அங்கே போக வேண்டும். அவருக்கு அது நடைமுறை. எனக்கோ பேனா ஓடவில்லை. அந்த வீட்டுக்குள்ளேயே சொல்லி முடித்துவிடலாம், ரோட்டைத் தாண்டி வேறு யாருக்கும் தெரிய வேண்டாம் என்று ஒரு கணக்கோடுதான் வந்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவர் காத்திருந்தார். நகல் என்று எழுதினேன்.

மறுநாள் மேடத்திடம் அதைக் கொடுத்தேன். அவர் கத்தவில்லை. இரண்டு முறை படித்துவிட்டு, அந்த மழைக்காலத்தில் நான் பார்த்த அத்தனை கவர்களையும் தள்ளிவிட்டு முதலிலிருந்து செய்ய வேண்டும் என்றார். ஒரு வருஷம் போயிற்று. மேடம் என் தோளைத் தட்டியது அந்த ஒரு தடவைதான். எனக்கு அதில் எந்த வருத்தமும் இல்லை. அங்கிளுக்கு அவர் கைப்பட மன்னிப்புக் கேட்டு எழுதினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஏப்ரலில் ஆன்ட்டி மறுபடி ஃபோன் செய்தார். குரலில் பழைய ஒட்டுதல் இல்லை.

"தெனம் காலையில அந்தக் காகிதத்தத்தான் எடுத்துப் படிக்காக. படிச்சுட்டு எங்கிட்ட கேக்காக. இது அந்தப் பிள்ளை தானா எழுதினதா, இல்ல எம் மனசு ஆறட்டும்னு நீ கெஞ்சி எழுத வச்சியான்னு."

"நானா எழுதினதுதான் ஆன்ட்டி. நீங்க சொல்லுங்க."

"நான் சொன்னா நம்பணும்லா" என்றார் ஆன்ட்டி. "செஞ்சவ நீ. நீதான் வந்து சொல்லணும்."

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் போகிறேன். பட்டம் வாங்கி, வேலை கிடைத்து, குர்காவ் பக்கம் குடிபோன பிறகும் மெட்ரோ பிடித்துப் போகிறேன். கதவைத் திறந்ததும் முதல் வேலையாக, "அது நானா எழுதினது அங்கிள்" என்கிறேன். சில ஞாயிறுகளில் "தெரியும்லா, உள்ள வா" என்கிறார். சில ஞாயிறுகளில் என் முகத்தையே உற்றுப் பார்க்கிறார். இப்போது அவருக்கு உண்மையிலேயே வயதுக்குரிய மறதி வந்துவிட்டதா, அல்லது நான் போட்ட சந்தேகம்தான் இன்னும் உள்ளே இருக்கிறதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆன்ட்டியிடம் கேட்கும் தைரியமும் இல்லை.

போன ஞாயிறு அந்தக் காகிதத்தையும் ஒரு வெள்ளைத் தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என் கையெழுத்தை ஒரு தடவை போட்டுக் காட்டச் சொன்னார். போட்டேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டையும் கிட்டத்தில் வைத்து வெகுநேரம் ஒத்துப் பார்த்தார்.

"இன்னொரு தடவை போடு" என்றார்.